கை மாறினால்

மேசையின் மேல் ஒரு நோட்டுதான் இருந்திருக்க வேண்டும். ஆறு இருந்தன.

தமயந்தி படுக்கையில் சாய்ந்தபடியே மறுபடி எண்ணினாள். கண் விழித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. கண்தான் ஏமாற்றுகிறதோ என்று ஒவ்வொரு நோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆறுதான்.

அந்தத் துயில் மையத்தில் எழுப்பப்பட்டவர்களிடம் யாரும் தேதி சொல்லமாட்டார்கள். சுவரில் காலண்டர் கிடையாது. எத்தனை காலம் போயிற்று என்பதை வீட்டிலிருந்து வரும் ஆள்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த ஆள் வருவதற்கு முந்தின நாள் அவர் எழுதிய ஒப்படைப்பு நோட்டு வந்துவிடும். பிள்ளை எப்போது சாப்பிடுகிறது, எப்போது வலிப்பு வந்தது, எந்த மருந்து மாறியது என்றெல்லாம் எழுதிய நோட்டு. வருடத்துக்கு ஒன்று.

இந்தத் தூக்கத்துக்கு முந்தைய ஆறு வருடமும் தமயந்தியும் அவள் கணவர் சற்குணமும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். ஒரு வருடம் அவள் தூங்குவாள், அவர் மகள் ரூபிணியைப் பார்த்துக்கொள்வார். அடுத்த வருடம் அவர் தூங்குவார். நடுவில் மூன்று மாதம் மூன்று பேரும் சேர்ந்திருப்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் இதற்குப் பெற்றோர் ஓய்வுத் திட்டம் என்று பெயர்.

மறுநாள் காலையில் சற்குணம் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்த்தது அவருடைய காதோரம். அங்கே கறுப்பு என்று ஒன்றும் மிச்சமில்லை. நடக்கும்போது வலது கை இடுப்புக்குக் கீழே எதையோ அழுத்திப் பிடித்திருந்தது.

"ஆறு வருஷமா?" என்றாள்.

"ஆமா."

"ஒண்ணுன்னு பேசினோம்."

"பேசினோம்." அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு மெதுவாக உட்கார்ந்தார். "திட்டறதுன்னா திட்டிடு. அப்புறம் பேசறேன்."

அவளுக்குத் திட்ட வரவில்லை. ரூபிணிக்குப் பதிமூன்று வயது முடிந்த வாரத்தில் அவள் தூங்கப் போனாள். இப்போது பத்தொன்பது. முதல் மாதவிடாய், ஒடிந்த பல், வளர்ந்த உயரம் எல்லாம் அந்த நோட்டுகளுக்குள் இருக்கும். பென்சிலில், அவருடைய சாய்ந்த எழுத்தில்.

"ஏன்?"

"போன தடவை கை மாறினப்போ என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு அது போன மாசங்க."

அதை அவர் யோசித்திருக்கவில்லை போலிருந்தது.

போன தடவை அவர் விழித்து வந்தபோது ரூபிணி அவர் கையால் சாப்பாடு வாங்கவே இல்லை. ஒரு நாள் துப்பினாள், இரண்டாம் நாள் வாயை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் பயந்துபோய்த் தமயந்தியே மறுபடி கரண்டியைப் பிடித்தாள். பசியில் ரூபிணி அள்ளி விழுங்கினதில் புரை ஏறி, உணவு நுரையீரலுக்குப் போய், பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். அதற்கு முந்தைய தடவைகளும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாம் நாள் வந்தால் பழைய கைக்குத் திரும்பிவிடுவார்கள். புதுக் கை பழகவே இரண்டு மூன்று மாதம் இழுத்துக்கொண்டு போகும்.

"நீ தூங்கப் போனதும் உக்காந்து கணக்குப் போட்டேன்," என்றார் சற்குணம். அவர் பணிமனையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். எதையும் கோடு கிழித்துத்தான் யோசிப்பார். "கை மாறுற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஆபத்து. அது ஒண்ணு. ரெண்டாவது, நாம ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சிருக்கிற ஒவ்வொரு நாளும் அவ கடைசியிலேருந்து ஒரு நாள் குறையுது. ஒருத்தர் போதும்கிற இடத்துல ரெண்டு பேர் ஆயுசு போகுது."

"சேர்ந்திருந்தது வீணா?"

"கணக்குல அப்படித்தான் வருது." அவள் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "டாக்டர் சொல்றாரு, இப்ப வந்திருக்கிற மருந்துக்கு அவ அறுபது அறுபத்தஞ்சு வரைக்கும் இருப்பாளாம். அதனால முதல்ல என்னைத் தீர்த்திடலாம். நீ பத்திரமா இரு. என்னால முடியாதுன்னு ஆகிறப்ப எழுப்பறேன். அப்புறம் நீ பாத்துக்க. அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் கை மாறும்."

"அப்ப இப்ப எதுக்கு எழுப்பினீங்க?"

"சட்டம். ஒரு கையெழுத்துக்கு ஆறு வருஷத்துக்கு மேல ஒரே மூச்சுல தூங்க விடமாட்டாங்க. முப்பது நாள் முழிச்சிருந்து, திரும்ப நீயே வந்து கையெழுத்துப் போடணும். போட்டா இன்னொரு ஆறு." சொல்லிவிட்டு இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்த முப்பது நாள்ல இதையும் முடிச்சிடறேன். குடலிறக்கம். அவளைத் தூக்கித் தூக்கி வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரில இருக்கணும்."

தன்னை எழுப்பியது இவருடைய லீவுக்குத்தான் என்று தமயந்திக்கு அப்போது புரிந்தது. அப்படி நினைத்ததற்கு அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. ஆறு வருடத்தில் அவர் எடுக்கும் முதல் லீவு.

*

பொன்மலைப்பட்டியில் அதே இரண்டாவது மாடி வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, கூடத்தில் ரூபிணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தமயந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் விட்டுப்போனது எலும்பும் தோலுமான ஒரு சிறுமியை. இங்கே இருந்தது, நன்றாகத் தலை வாரி, அகலமான தோளோடு, தன் மாமியாரின் ஜாடையில் ஒரு பெண். ரூபிணிக்குப் பேச்சு கிடையாது. ஆனால் ஆளுக்கு ஒரு சத்தம் வைத்திருப்பாள். அம்மாவைக் கண்டால் தொண்டைக்குள்ளிருந்து நீளமாக "ங்ஙா" என்று வரும். அதைக் கேட்கத்தான் தமயந்தி மூன்று நாளாக ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டிப் பயிற்சி செய்திருந்தாள்.

ரூபிணி அவளைப் பார்த்தாள். ஊசி போட வருகிறவர்களைப் பார்க்கும் பார்வை. பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சற்குணத்தைக் கண்டதும் தலையைத் திருப்பினாள்.

"ங்ஙா."

"வந்துட்டேன்டா," என்றார் அவர். அந்தச் சத்தம் யாருடையது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பயப்பட ஒன்றுமில்லை என்று பத்து தடவை சொன்னார். இந்தப் பத்து நாளும் மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் சாப்பாடு. காலையில் அதே நர்ஸ் வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போவார். வாய்க்கு ருசிக்காக நாலு கரண்டி வேண்டுமானால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கொடுக்காவிட்டாலும் குற்றமில்லை.

"துப்பினா விட்டுடு. உன் கைக்கு வரமாட்டா. மனசு கஷ்டப்படாத."

கதவு சாத்தியதும் ரூபிணி அழத் தொடங்கினாள். மதியம் வரை அழுதாள்.

தமயந்தி அவளைக் கையால் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டாள். கூரையில் ஆளைத் தூக்கி நகர்த்தும் தூக்கு இயந்திரம் ஒன்று துணி போர்த்தித் தொங்கியது. ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்று இரண்டாவது நோட்டில் இருந்தது: "மூன்று நாள் முயன்றேன். பயந்து அலறுகிறாள். வேண்டாம்." வேறு வழியில்லாமல் அவள் துணியை எடுத்தாள். ரூபிணி அலறினாள். அலறியபடியே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு வந்தாள்.

சாயங்காலம் இட்லியைப் பாலில் குழைத்து, ஒரு கரண்டி உதட்டருகே கொண்டுபோனாள். பழைய பழக்கத்தில் இடது காதுக்குப் பின்னால் மெல்ல வருடிக்கொடுத்தாள். சின்ன வயதில் அதைச் செய்தால் வாய் தானாகத் திறக்கும். ரூபிணி உடம்பு முழுக்க விறைத்து, தலையைப் பின்னால் மோதிக்கொண்டாள். கரண்டியிலிருந்தது தமயந்தியின் முகத்துக்கு வந்தது.

முதல் நாள் என்று அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

*

பகல்கள் நீளமாக இருந்தன. ரூபிணி தூங்கும்போது அவள் நோட்டுகளைப் படித்தாள். ஆயிரத்து இருநூறு பக்கத்தில் அவருக்கு ஒரு தலைவலி கூட வந்ததாக எழுதியிருக்கவில்லை. தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தத்தில் ரூபிணிக்கு எத்தனை தடவை தூக்கிவாரிப்போட்டது என்று இருந்தது. அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று இல்லை. முதல் வருடம் வேலைக்கு வந்த மூன்று பெண்களைத் தவிர, யாராவது வந்தார்கள், போனார்கள் என்று எங்குமே இல்லை. தான் எழுதிவைத்த பழைய நோட்டுகளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தேடி எடுத்துப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தன.

மூன்றாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர் வீட்டு ஜமீலா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இட்லி மாவு அரைத்து விற்பவள். முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது.

"ரெண்டு நாளா புள்ள சத்தம் வேற மாதிரி இருக்கு. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்." அவள் கண் தமயந்தியை மேலும் கீழும் அளந்தது. "நீங்க?"

"அவர் வீட்டுக்காரி. ரூபியோட அம்மா."

ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதம்மா. ரெண்டாந்தாரம்னுல்ல நெனச்சேன். அவருக்கு அம்பது சொல்லலாம். நீ முப்பத்தஞ்சு தாண்டமாட்ட."

"அவருக்கு நாப்பத்தஞ்சுதாங்க்கா."

"ஆளு அப்படி ஆயிட்டாரு."

தமயந்தி கதவை விட்டு விலகி, "உள்ள வாங்க," என்றாள்.

ஜமீலா வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். "நெசமாவா? நாலு வருஷமா குடியிருக்கேன், இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பாத்ததில்ல. நான் வந்தா அண்ணன் கதவுக்கும் நிலைக்கும் நடுவுல வந்து நிப்பாரு. மாவுக் கிண்ணத்தை வாங்கிக்குவாரு. கழுவி வாசல்ல வச்சிடுவாரு. அவ்வளவுதான் எங்க பழக்கம்."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். ரூபிணி அவளைக் கண்டு முறைத்தாள். ஜமீலாவும் திருப்பி முறைத்தாள்.

தூக்கத் திட்டத்தைப் பற்றி அவள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தாள். "தூங்கினா வயசே ஆகாதாமே?"

"ஆகும். மெதுவா. உடம்பைக் குளிரவச்சு ஓட்டத்தைக் கொறச்சிடுவாங்க. ஒரு வருஷம் தூங்கினா உடம்புக்குப் பதினெட்டு நாள்தான் கூடும்."

"அட. அப்ப எங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோய் ஒரு ரெண்டு வருஷம் போட்டுவைக்கலாமே. நான் கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. தொண்டை கரகரத்தது. "புள்ளை இப்படி இருக்கிறவங்களுக்கு மட்டும்தாங்க்கா. எங்களுக்கு அப்புறம் இவளை யாரு பாக்கிறதுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல? ஒருத்தர் தூங்கினா அவங்க ஆயுசு மிச்சமாகும். அதை வச்சு இவ கடைசி வரைக்கும் யாராவது ஒருத்தர் கூட இருக்கலாம்."

ஜமீலா சற்று நேரம் கைவிரலில் காய்ந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. அப்ப நீங்க ரெண்டு பேரும் எப்ப சேர்ந்து இருப்பீங்க?"

"அது கணக்குல வரல."

"கணக்குப் போட்டது அண்ணனா?" என்றாள் ஜமீலா. "அவரு மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

*

நாலாம் நாளும் துப்பல். ஐந்தாம் நாள் ரூபிணி கரண்டியை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் தமயந்தி நடுங்கிப்போயிருப்பாள். பட்டினி கிடக்கிறாளே என்று திணித்திருப்பாள். இப்போது குழாய் இருந்தது. வயிறு நிறைந்துதான் இருந்தது. பயப்படாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார முடிந்தது.

காதுக்குப் பின்னால் வருடுவதை அவள் விட்டுவிட்டாள். தாலாட்டையும் விட்டுவிட்டாள். பழைய ரூபிணிக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ரூபிணிக்குத் தொந்தரவாக இருந்தது. புதிதாகப் பார்த்தாள். கரண்டியை நேராகக் கொண்டுவந்தால் பயம். கீழேயிருந்து மெல்ல ஏற்றினால் பயமில்லை. பேசிக்கொண்டே கொடுத்தால் பிடிக்கவில்லை. பேசாமல் இருந்தால் கண்ணைப் பார்க்கிறாள். ஆறாம் நாள் தூக்கு இயந்திரத்தில் ஏறும்போது ரூபிணி அலறவில்லை. மேலே போய் நின்றதும் கால் விரலை ஆட்டிக்கொண்டாள்.

ஏழாம் நாள் மத்தியானம் எல்லாம் மோசமாகப் போயிற்று. வலிப்பு, அதன்பின் வாந்தி, படுக்கை மாற்றம், மறுபடி வலிப்பு. துணிகளை ஊறப்போட்டுவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, துயில் மையத்துப் படுக்கை அவளுக்கு ஞாபகம் வந்தது. குளிர்ந்த, சத்தமில்லாத, யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாத இடம். ஒரு கையெழுத்துப் போட்டால் ஆறு வருடம். அந்த நினைப்பு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஒன்பதாம் நாள் காலை. கீழேயிருந்து ஏற்றிய கரண்டிக்கு ரூபிணி வாயைத் திறந்தாள். முகவாயைத் தாழ்த்தி விழுங்கினாள். இன்னொன்று. நாலாவது கரண்டிக்குப் பிறகு தமயந்தியின் முகத்தை உற்றுப் பார்த்து, நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் போட்டாள். டொக். கொஞ்சம் நிறுத்தி மறுபடி, டொக்.

தமயந்தி கரண்டியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமும் வேறொன்றும் சேர்ந்து வந்திருந்தது. அந்த வேறொன்று என்ன என்று புரியப் பகல் முழுக்க ஆயிற்று.

*

சற்குணம் தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி வீடு திரும்பியபோது, ரூபிணி தமயந்தி கையால் ஒரு கிண்ணம் கூழைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"ஞாபகம் வந்திடுச்சு பாத்தியா," என்றார். "எப்படியும் பெத்த தாய். மறக்குமா?"

தமயந்தி மிச்சக் கூழையும் ஊட்டி முடித்தாள். ரூபிணி தூங்கிய பிறகு, சமையலறையில் அவருக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவளுக்கு என்னை ஞாபகம் இல்லைங்க."

"என்ன பேசற? டொக்குன்னு கூப்பிடறா."

"அது பழசு இல்ல. என்னைக் கூப்பிட்ட சத்தம் இப்ப உங்ககிட்ட இருக்கு. 'ங்ஙா' யாரோடதுன்னு நெனச்சுப் பாருங்க."

அவர் கஞ்சியில் கரண்டியைப் போட்டபடி யோசித்தார். முகம் மெல்ல மாறியது.

"நான் பழைய மாதிரி தொட்டா விறைச்சுப்போறா. பழைய பாட்டுக்கு அழறா. நான் அவளுக்கு யாரோ ஒருத்தி. எங்கிருந்தோ வந்த பொம்பள. அந்தப் பொம்பளைகிட்ட ஒன்பது நாள்ல சாப்பிட்டுட்டா." அவள் குரல் சமமாகவே இருந்தது, அதற்கு மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "இதுல எனக்கு அழுகை வரணும். வந்துச்சு, அழுதுட்டேன். அதுக்கப்புறம்தான் தோணுச்சு. யாரோ ஒருத்திகிட்ட சாப்பிடுவான்னா, இன்னொருத்திகிட்டயும் சாப்பிடுவால்ல?"

"போன தடவை ஐ.சி.யூ.ல கிடந்தா தமயந்தி."

"மூணாவது நாள் நாம பயந்தோம். ஒவ்வொரு தடவையும் மூணாவது நாள் பயந்தோம். பட்டினி போட்டு, அப்புறம் பழைய கையில திணிச்சோம். நாலாவது நாள் எப்படி இருக்கும்னு நாம பாத்ததே இல்லைங்க. இந்தத் தடவை குழாய் இருந்துச்சு, நீங்க இல்ல. அதனால ஒன்பது வரைக்கும் போச்சு."

"நீ சொல்றது சரின்னே வச்சுக்க. நமக்கு அப்புறம்?"

"உங்க கணக்குல நமக்கு அப்புறம்னு ஒண்ணு வரவே கூடாதுன்னு ரெண்டு பேரும் உயிரை இழுத்துக்கிட்டே போறோம். அறுபத்தஞ்சோட முடியாம எழுபது வரைக்கும் அவ இருந்துட்டான்னா? நான் செத்த மறுநாள் அவளுக்கு இந்த ஊர்ல ஒரு கை கூடத் தெரியாது. ஒரே ஒரு தடவை கை மாறணும்னீங்க. எனக்கு அவ நூறு கைக்கு மாறணும்."

"கை நூறு எங்க இருக்கு?" அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் வந்தது. "நான் தேடாமயா இருந்தேன்? முதல் வருஷம் மூணு பேரு வந்தாங்க. நாலாவது நாள் ஒருத்தி கூட வரல."

"நாலாவது நாள் வர வேண்டாம்னு நீங்க சொன்னதா நோட்டுல இருக்கு."

கஞ்சி ஆறிப் படலம் கட்டியிருந்தது.

கடைசியில், கோடு கிழித்து யோசிக்கிற மனிதர் என்பதால், ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். முப்பது நாளில் இன்னும் பதினாலு நாள் இருந்தது. அதற்குள் ரூபிணி வேறு ஒரு ஆளின் கையால் ஒரு கிண்ணம் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் கையெழுத்து வேண்டாம். சாப்பிடாவிட்டால் தமயந்தி மறுபேச்சில்லாமல் தூங்கப் போக வேண்டும்.

"ஆளு?" என்றார்.

"எதிர் வீட்ல."

"அந்த மாவுக்காரம்மாவா? வாய் ஓயாதே."

"உங்ககிட்டதான் யாருமே பேசலையே. அவங்க பேசட்டும்."

*

ஜமீலா முதல் நாளே கரண்டியை வாங்கிக்கொண்டு, "வாடி என் மகாராணி, முறைச்சது போதும்," என்றாள். முதல் நாளே முகம் முழுக்கக் கூழ் வாங்கினாள். "பரவால்ல, எங்க வீட்டுப் பயலுங்க தட்டையே வீசுவானுங்க," என்று துடைத்துக்கொண்டாள்.

குழாயை எடுக்க வேண்டாமென்று தமயந்தி டாக்டரிடம் சொல்லிவைத்திருந்தாள். விதி ஒன்றே ஒன்று: ஜமீலா உள்ளே இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் பெற்றவர்கள் இருவரும் வெளியே இருக்க வேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து அழுகை கேட்கும்போதெல்லாம் சற்குணம் எழுந்தார். அவள் அவருடைய வேட்டி நுனியை மிதித்துக்கொண்டாள்.

"போகாதீங்க."

"மூச்சு வாங்கறா."

"அது கோவம். மூச்சு இல்ல. எனக்கும் இப்படித்தான் அழுதா."

மூன்றாம் நாள் அவர் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். நாலாம் நாள் திரும்பி வந்து உட்கார்ந்தார். இதுவரை நாலாம் நாளைப் பார்த்ததில்லை என்று அவள் சொன்னது மனதில் தைத்திருக்க வேண்டும்.

ஏழாம் நாள் உள்ளே சத்தம் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஜமீலா கதவைத் திறந்து காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"உன்னைவிட ரெண்டு நாள் கம்மி தங்கச்சி," என்றாள். "எனக்கும் ஒரு சத்தம் வச்சிருக்கா. உதட்டைக் குவிச்சுப் புர்ர்ருங்கறா. வண்டி கெளம்பற மாதிரி."

சற்குணம் சுவரில் சாய்ந்துகொண்டார். தமயந்தி சிரித்தாள், கிண்ணத்தை வாங்கினாள், நன்றி சொன்னாள். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கிண்ணம் சுத்தமான பின்னும் நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு நாள் கம்மி. அவள் கேட்டதுதான் கிடைத்திருந்தது. ஆனாலும் நெஞ்சில் எங்கோ ஒரு இடம் எரிந்தது. மகளுக்கு இனி அவள் ஒரு டொக். அடுத்து வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சத்தம். அந்த வரிசையில் அவளுக்கு முதல் இடம் கூட இல்லை.

*

முப்பதாம் நாள் தமயந்தி தனியாகத் துயில் மையத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் படிவத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்க கையெழுத்து வரல மேடம்."

"தெரியும். போடல."

"போடலைன்னா உங்க இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். திரும்ப வேணும்னா வரிசையில நிக்கணும். இப்ப வரிசை பதினோரு வருஷம்." அந்தப் பெண் சற்றுத் தயங்கினாள். "இங்க வந்து யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல. வீட்ல ஏதாவது... குழந்தை..."

"குழந்தை நல்லா இருக்கா," என்றாள் தமயந்தி. "இனிமே நாங்க ஒண்ணா வயசாகப் போறோம். அவ்வளவுதான்."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். தான் செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருடைய கணக்கில் தப்பே கிடையாது. அதை அவள் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். ரூபிணியின் கடைசி வருடங்களிலிருந்து எத்தனை வருடத்தை அவள் இன்று எடுத்துவிட்டாள் என்பது எண்ணாக மனதில் நின்றது. ஜமீலா வீடு மாறிப் போகலாம். அடுத்த ஆள் கிடைக்காமல் போகலாம். கிடைத்த ஆள் நல்லவளாக இல்லாமல் போகலாம். பேருந்து வந்தது. ஏறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு வந்த ஜமீலா இருவரையும் வீட்டை விட்டுத் துரத்தினாள். "ரெண்டு மணி நேரம் இந்தப் பக்கம் தலையைக் காட்டக் கூடாது. படிக்கட்டுல உக்காந்தா தண்ணி ஊத்துவேன்."

எங்கே போவதென்று தெரியாமல் சந்தைப்பேட்டைப் பக்கம் நடந்தார்கள். ஒரு காலத்தில் அவர்கள் நடக்கும்போது அவர் முன்னால் வேகமாகப் போவார், அவள் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே போவாள். இப்போது அவள் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எதிரே வந்த ஒரு அம்மாள் வழிவிட்டு, "அப்பாவைப் பாத்துக் கூட்டிட்டுப் போம்மா, பள்ளம்," என்றாள். இருவரும் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

பேச என்ன இருக்கிறது என்று தமயந்தி தேடினாள். ரூபிணிக்குக் காலையில் எத்தனை மணிக்கு மருந்து என்பதைத் தவிர அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முப்பத்தொன்பது வயது சற்குணத்தைப் பற்றி. பக்கத்தில் நடப்பவர் அவரில்லை. ரூபிணிக்காவது ஒன்பது நாள் போதுமாக இருந்தது.

முனையில் ஒரு டீக்கடை. இரண்டு டீ சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "சர்க்கரை?" என்றார்.

சற்குணம் அவள் பக்கம் திரும்பினார். முன்பு இதற்கெல்லாம் அவர் கேட்டதே இல்லை, அவரே சொல்லிவிடுவார். "உனக்கு... சர்க்கரை எப்படி?"

"கொஞ்சமா," என்றாள். "உங்களுக்கு?"

சற்குணம், யாரோ ரொம்பக் கடினமான ஒன்றைக் கேட்டுவிட்டது போல் தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். டீக்கடைக்காரர் கரண்டியைச் சர்க்கரை டப்பாவுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.